கோல் கோட்டின்மேல் பெய்த மழை

“…சாக்பீஸ் பொடியா இது? முப்பது வருசமா மோந்த வாசம் எனக்குத் தெரியாதா? தோல் கிடங்குச் சுண்ணாம்பு! இந்தச் சனியன் எம் மவன் மேல படக் கூடாதுன்னுதானே அவனைக் காலேசுக்கு அனுப்புனேன். இதைக் கொண்டாந்து அங்க போட்டவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மைதீன் பாய் இப்படிச் சொன்னபோது அவர் கையில் மகனுடைய பச்சை ஜெர்சி இருந்தது. மழையில் ஊறி, சேறு அப்பி, கழுத்துப் பக்கம் வெள்ளைத் திட்டுகள் ஒட்டியிருந்த ஜெர்சி. அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். உள்ளே அவருடைய மகன் ஜமால், எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர், இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தான். வராந்தாவில் அணிப் பையன்கள் அத்தனை பேரும் சேறும் ஈரமுமாக நின்றார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாய் கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி தேவசகாயம், மைதானம் ஒன் கையிலதானே இருக்கு. ஒனக்குத் தெரியாம ஒருத்தன் இத அங்க கொண்டாந்து வைக்க முடியுமா?”

“தெரியலயே பாய், கொட்டகையில இருந்த பொடியத்தான் போட்டேன்” என்றேன்.

தெரியாமல் என்ன? அதைக் கொண்டுவந்து வைத்தவனே நான்தான்.

பிரியமானவர்களே, இது அறுபத்து நாலாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை நடந்தது. சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. இப்போது எழுத்தில் சொல்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மீதியெல்லாம் கடைப் பலகையிலும் பொட்டலக் காகிதத்திலும் எழுத்துக் கூட்டிக் கற்றது.

திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு வந்த புதிதில் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் இரண்டு வருஷம் வேலை செய்தேன். சுண்ணாம்புத் தொட்டி வேலை. தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மயிரை உதிர்க்க வேண்டும். அப்புறம் கர்த்தர் வழி திறந்தார். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. புல் வெட்டுவது, கோல் வலை கட்டுவது, ஆட்டத்துக்கு முன்னால் வெள்ளைக் கோடு போடுவது. பையன்கள் என்னை ‘மாலி’, அதாவது தோட்டக்காரன், என்று கூப்பிடுவார்கள்.

எனக்கு மனுஷர் பேச்சில் கொள்ளை ஆசை. டீக்கடையில் யாராவது நறுக்கென்று ஒன்று சொன்னால் அதை மனசில் முடிந்துகொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் மனைவி ஞானம், மற்ற வீட்டில் காய்கறி கேட்பது மாதிரி, “இன்னைக்கு என்ன வார்த்த கொண்டாந்திய?” என்று கேட்பாள்.

பம்பாயில் பந்தாட்டக் காலமும் மழைக்காலமும் ஒன்றாகத்தான் வரும். எங்கள் அணி அதுவரைக்கும் எந்த வருஷமும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. எதிரணிக்காரர்கள் எங்கள் மைதானத்துக்கு டிபன் சாப்பிட வருகிற மாதிரி சிரித்துக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் ஜமால் வந்து கம்பங்களுக்கு நடுவில் நின்றான். மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட உள்ளே போகவில்லை. வாசலில் டீ விற்கிற நாயர் சொன்னார்: “பந்தை இவன் பிடிக்கலடோ. மழைக்குப் பயந்து பந்துதான் இவன்கிட்ட வந்து ஒதுங்குது.” அன்றைக்கு அந்த வார்த்தையைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஜமாலின் வாப்பா மைதீன் பாய் தாராவியில் வேறொரு தோல் கிடங்கில் மேஸ்திரி. ஆட்டமுள்ள நாளில் அரை நாள் லீவு போட்டுவிட்டு கோல் வலைக்குப் பின்னால் வந்து நிற்பார். பந்தாட்டத்தில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. மகன் சேற்றில் பாய்கிறபோதெல்லாம், “ஏலே, சட்டையைப் பாருலே! ஒங்க உம்மாதான் தொவைக்கணும்!” என்று கத்துவார். எதிரணிக்காரர்கள்கூடச் சிரிப்பார்கள். ஒருநாள் எனக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவுல ஒரு ரயில் பாலந்தான் தம்பி. நான் முப்பது வருசமா அதுல ஏறி எறங்குதேன். எம் மவன்தான் அந்தப் பக்கம் போய்ச் சேந்தான்.”

அரையிறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் என்று முடிவாயிற்று. முந்தின நாள் புதன்கிழமை கொட்டகையைத் திறந்து பார்க்கிறேன், கூரை ஒழுகிச் சாக்பீஸ் பொடி மூட்டை முழுக்கக் கல்லாக இறுகிக் கிடக்கிறது. ஸ்டோரில் கேட்டேன், அடுத்த வாரம் என்றார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக எங்கள் பையன்கள் அரையிறுதி ஆடப்போகிறார்கள், கோடு இல்லாமல் எப்படி? நேரே என் பழைய கிடங்குக்குப் போனேன். தெரிந்தவர்கள் ஒரு டின் நிறையச் சுட்ட சுண்ணாம்புக் கட்டி கொடுத்தார்கள். சாக்கில் கட்டி, இரும்பு உலக்கையால் இடித்துப் பொடியாக்கினேன்.

நீங்கள் கேட்கலாம், இரண்டு வருஷம் சுண்ணாம்பில் நின்றவனுக்கு அதன் குணம் தெரியாதா என்று. தெரிந்ததுதான் மோசம். எங்களுக்கு அது பழகின நாய் மாதிரி. கையைக் கடிக்கும், காலைக் கடிக்கும், தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு அடுத்த தோலை எடுப்போம். ஆனால் தொட்டி வேலைக்காரன் யாரும் முகம் குப்புறத் தொட்டியில் பாய்வதில்லை. கோல்கீப்பர் பாய்வான். அவன் வேலையே கோட்டின்மேல் முகத்தைக் கொடுப்பதுதான். அது என் புத்திக்கு எட்டவில்லை.

வியாழக்கிழமை காலையில் கோடு போட்டு முடித்தேன். ஈர மண்ணில் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு பால் மாதிரி நின்றது. கேப்டன் பெரேரா வந்து பார்த்துவிட்டு, “வாஹ் மாலி! ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!” என்று முதுகில் தட்டினான். எனக்குத் தலை கால் தெரியவில்லை. கோல் கம்பத்தடியில் நின்று ஜெபம் பண்ணினேன். என்ன ஜெபம் தெரியுமா? “ஆண்டவரே, நாலு மணிக்கு ஆட்டம். அஞ்சரை வரைக்கும் மழையை நிறுத்தி வையும். என் கோடு கலையக் கூடாது.” வேலைக்காரனுக்கு ஷிஃப்ட் போட்டுக் கொடுப்பது மாதிரி ஆண்டவருக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன்.

மத்தியானம் தூறிக்கொண்டிருந்த மழை நாலு மணிக்கு நின்றது. என் ஜெபத்தின் பலத்தைப் பார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

இடைவேளை வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அதற்குப் பிறகு எதிரணிக்காரன் ஒருவன் தாழ்வாக மூலைக்கு ஒரு பந்து அடித்தான். ஜமால் நீளவாக்கில் பாய்ந்து கோட்டின்மேலேயே விழுந்து அமுக்கினான். பந்தைப் பிடித்துவிட்டான். எல்லாரும் கைதட்டினோம். அப்புறம் அவன் எழுந்திருக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு சத்தம் போட்டான். அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் எழுத மாட்டேன்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். இமை, மூக்கு, கன்னம் எல்லாம் வெள்ளைக் குழம்பு. அன்றைக்கென்று பாய்க்கு லீவு கிடைக்கவில்லை, அவர் அங்கே இல்லை. ஒருவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். “பானி மத் டாலோ! தண்ணி ஊத்தாதே! வெந்துரும்! எண்ணெய் கொண்டா!” சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பது கிடங்கில் கற்ற பாடம். சுண்ணாம்பைக் கொண்டுவந்ததும் நான். மருந்தை மறித்ததும் நான்.

எண்ணெய்க்கு ஒருவன் ஓடினான். டாக்சிக்கு ஒருவன் ஓடினான். அந்த நேரத்தில், அஞ்சு மணிகூட ஆகவில்லை, வானம் பிளந்துகொண்டது. பம்பாயில் எத்தனையோ மழை பார்த்திருக்கிறேன். அது பெய்தது இல்லை, கவிழ்த்தது. நான் கேட்ட நேரத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைப் பிடுங்கிக்கொண்டார் ஆண்டவர். “இப்பவா? இந்த நேரத்துலயா?” என்று மேலே பார்த்துக் கோபமாகவே கேட்டேன். மன்னிக்கட்டும்.

டாக்சிக்குப் போனவன் திரும்பி வந்தான். கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீராம், ஒரு வண்டியும் அசையவில்லையாம். எண்ணெய்க்குப் போனவனும் வெறுங்கையோடு வந்தான். தண்ணீர் ஏறுகிறதென்று கடைகளை அடைத்துவிட்டார்கள். வேறு வழியில்லை. பையன்கள் உட்காரும் மர பெஞ்சைத் தூக்கி, அதில் ஜமாலை மல்லாக்கப் படுக்க வைத்து, நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். பெரேரா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒருவன் பாவம் பார்த்து முகத்துக்குமேல் குடை விரித்தான். உடனே ஜமால் கத்தினான்: “சத்ரி ஹடாவ்! குடையை எடுடா! மழை பட்டாத்தான் எரிச்சல் தணியுது!” தன் விரலாலேயே இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டான். அப்படியே, திறந்த கண்ணில் மழை விழ விழ, முழங்கால் தண்ணீரில், அரை மணி நேரம் நடந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு மராட்டிக்கார டாக்டரம்மா. இமையை மடக்கிப் பார்த்து, பஞ்சால் துணுக்குத் துணுக்காக எடுத்துவிட்டு வெளியே வந்து இந்தியில் கேட்டார்: “இவன் கண்ணைக் கழுவினது யார்?”

பெரேரா சொன்னான்: “யாரும் கழுவல டாக்டர். மழைதான்.”

அந்த அம்மா ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “சுண்ணாம்பு விழுந்தா அரை மணி நேரம் விடாம தண்ணி ஊத்தணும். ஆஸ்பத்திரியிலகூட அத்தனை பொறுமையா ஊத்த ஆள் கிடையாது. எல்லாரும் பண்ணுற மாதிரி எண்ணெயைத் தடவி, டாக்சியில மூடிக் கொண்டாந்திருந்தீங்கன்னா எனக்கு இங்க காப்பாத்தக் கண்ணே இருந்திருக்காது.”

நிறுத்தச் சொன்ன மழை. வராத டாக்சி. கிடைக்காத எண்ணெய். நான் எது எது வேண்டுமென்று நினைத்தேனோ அத்தனையையும் அவர் தடுத்திருந்தார். நான் எதைத் தடுத்தேனோ அதை வானத்தைத் திறந்து ஊற்றியிருந்தார்.

ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இடது கண் தேறிவிடும். வலது கண்ணைப் பற்றி ஒன்பது நாள் கழித்துக் கட்டுப் பிரித்தால்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மைதீன் பாய் வந்தார். ஜெர்சியை மோந்து பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். இத்தனை பெரிய காரியத்தைக் கண்ணால் கண்ட பிறகும் நான் ‘தெரியலயே’ என்றேன். வேலை போய்விடும், தாராவியில் முகத்தைக் காட்ட முடியாது என்ற பயம். அற்புதத்தைப் பார்த்தவன் எல்லாம் அந்த நிமிஷமே நல்லவனாகிவிடுவான் என்று நினைக்காதீர்கள்.

மறுநாள் முதல் ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். “ஆண்டவரே, அந்த வலது கண்ணைத் திறந்துவிடும்.” இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வார்த்தை தொண்டைக்குமேல் ஏறவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழாயடியிலிருந்து வந்த ஞானத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குடத்தை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்:

“ஒங்க வாய் மூடியே கெடக்கும், அந்தப் புள்ள கண்ணு மட்டும் தொறக்கணுமாக்கும்?”

எத்தனையோ பேர் வார்த்தையை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். அன்றைக்கு அவள் எனக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு என் ஜெபம் மாறியது. “ஆண்டவரே, அவன் கண் உம்முடைய கையில். என் வாயைத் திறந்துவிடும்.”

ஆனாலும் நாள்தான் போயிற்று, வாய் திறக்கவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். தினமும் பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார். ஒவ்வொரு வாயும் அந்தச் சுண்ணாம்பையே குடிக்கிற மாதிரி இறங்கும். ஒருநாள் மாஹிம் தர்காவுக்குப் போய்விட்டு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, ஒங்க சாமிகிட்டயும் எம் மவனுக்காக ஒரு வார்த்த சொல்லு” என்றார். என்னிடம்! நான் தலையை மட்டும் ஆட்டினேன். நடுவில், மழையால் நின்றுபோன அரையிறுதியை மறுபடி ஆடினார்கள். ஜமால் இடத்தில் குல்கர்னி என்று ஒரு பையன் நின்றான். பந்து வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைப்பான். எப்படியோ ஒரு கோலில் ஜெயித்துவிட்டார்கள். மைதானமே துள்ளியது. எனக்கு மட்டும் துள்ள முடியவில்லை.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. பத்து மணிக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். கண் தெரிந்த பிறகு சொன்னால் அது தைரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒன்பதரைக்கே போனேன். வராந்தா பெஞ்சில் பாய் தனியாக உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தேன். நான் திறக்கவில்லை, திறந்தது.

“பாய், அந்தச் சுண்ணாம்ப நாந்தான் கொண்டாந்தேன். கோடு இல்லாம போகக் கூடாதுன்னு எங்க பழைய கெடங்குல வாங்கியாந்து போட்டேன். அன்னைக்கு ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தொழில்காரர் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சுட்டதா, நீத்ததா?”

“சுட்டது பாய். இடிச்சுப் போட்டேன்.”

கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் விட்டு நீத்த சுண்ணாம்பு கடிக்கும், தண்ணீர் படாத சுட்ட சுண்ணாம்பு தின்னும். அது அவருக்குத் தெரியும். அதற்குள் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

நான் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. தட்டில் எதையோ வைக்கிற சத்தம். டாக்டரம்மாவின் குரல்: “இடது கண்ணை மூடிக்கோ. வலது கண்ணால மட்டும் பாரு. என்ன தெரியுது?”

நான் கதவில் காதை வைத்தேன். அப்புறம் ஜமால், எரிச்சலோடு பேசுகிற மாதிரி சொன்னான்:

“என்ன வாப்பா, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறிய?”

நான் அந்த வராந்தாவிலேயே முழங்காலில் விழுந்தேன். ஆள் நடமாடும் இடம், ஸ்ட்ரெச்சர் போகும் வழி, ஒன்றும் தெரியவில்லை. பத்து விரலையும் தரையில் ஊன்றிக்கொண்டு கிடந்தேன். சந்தோஷம் என்று சொன்னால் போதாது. பயம். இவ்வளவு பெரியவரிடமா நான் மழைக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன் என்ற பயம். தலையைத் தூக்கியபோது பாய் என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அன்றைக்கே பிரின்சிபாலிடமும் போய்ச் சொன்னேன். வேலை போகும் என்று துணிந்துதான் போனேன். கண்டபடி திட்டிவிட்டுக் கடைசியில், “உன்னை அனுப்பிட்டா அடுத்து வர்றவன் இதே தப்பைப் பண்ணுவான். நீ பண்ண மாட்டே. போய் வேலையைப் பார்” என்றார்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கோப்பை எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஜமால் திரும்பி வந்து இறுதி ஆட்டம் ஆடினான். ஒரு கோலில் தோற்றோம். நான் சாட்சி சொல்ல வந்தது கோப்பைக்கு இல்லை.

இன்றைக்கும் நான் ஜெபம் பண்ணுகிறேன். ஆனால் ஆண்டவருக்கு மணி சொல்வதில்லை. மழை வேண்டாம் என்று கேட்பதே இல்லை. நான் கேட்டது கிடைக்காமல் போகிற நாளில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், எங்கேயோ யார் கண்ணையோ கழுவிக்கொண்டிருக்கிறாராக்கும் என்று. உங்களில் யாருக்காவது ஒரு ஜெபம் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து கேளுங்கள். யாரிடமாவது சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை அதற்குப் பக்கத்தில் சிக்கியிருக்கிறதா பாருங்கள். அதை முதலில் சொல்லிவிடுங்கள். பயப்படாதீர்கள். சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பது நம் கையில் இல்லை. அது நல்ல கையில் இருக்கிறது.

இறுதி ஆட்டத்தன்று விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். பாய் என்னிடம் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. முளையடித்துக் கயிற்றைக் கட்டப் போகிறேன், கேட்டுக்குள் அவர் வருகிறார். நேரே ஸ்டோரிலிருந்து வந்திருந்த புதுச் சாக்பீஸ் பொடி மூட்டைக்குப் போனார். ஒரு பிடி அள்ளினார். வாளித் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுக் குழைத்து, சூடேறுகிறதா என்று கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த கயிற்றின் ஒரு முனையை வாங்கி, கோல் கம்பம் வரைக்கும் நடந்துபோய், அங்கே குந்தி உட்கார்ந்து, நான் கோடு போடுவதற்காகக் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.